தாத்தா பாட்டி கல்யாணப் பதிவில் வயது உதைக்குதா?

பாட்டியின் திருமணச் சான்று பழைய டிரங்குப் பெட்டியில் கிடைச்சிடுச்சுன்னு வைத்துக்கொள்வோம். திருமணம் 1979, மணப்பெண் வயது 18. ஆனால் பள்ளி மாற்றுச் சான்றிதழில் பிறந்த ஆண்டு 1963 என்று இருக்கிறது. கணக்குப் போட்டால் வயது 16தான் வருகிறது. எதை நம்புவீங்க?

இதற்குப் பதில் சட்டத்தில் இருக்கிறது. 1929-ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் (சாரதா சட்டம் என்று சொல்வாங்களே, அதுதான்) பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று குறைந்தபட்ச வயதை வைத்தது. 1949-இல் பெண்ணின் வயது 15 ஆனது. 1978-இல் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று உயர்ந்தது. ஆகவே 1978-க்குப் பிந்தைய பதிவில் 'பெண் 18, மாப்பிள்ளை 21' என்று அச்சு அசலாக அதே எண்கள் இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்க. சட்டம் கேட்ட வயதை வீட்டார் சொல்லியிருக்கலாம்.

அதற்காகப் பள்ளிச் சான்றை அப்படியே நம்பிவிடவும் முடியாது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து வயது வேண்டும் என்பதற்காக வயதைக் கூட்டிச் சொன்ன வீடுகள் நிறைய. மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள் நம் ஊரில் இத்தனை பேர் இருப்பது தற்செயல் இல்லைங்க! இங்கே ஒன்றைக் கவனியுங்க. இரண்டு ஆவணத்திலும் வயதைக் கூட்டத்தான் காரணம் இருந்தது, குறைக்க இல்லை. அப்படியானால் பாட்டிக்குக் கல்யாணத்தன்று 16 கூட ஆகாமல் இருந்திருக்கலாம். பொய் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. மீதிக்குப் பிறப்புப் பதிவேட்டைத் தேடுங்க.

அடுத்து, மணமகனின் முந்தைய நிலை. சென்னை மாகாணத்தில் இந்துக்களின் இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் 1949-இல் வந்தது. அதற்கு முன் இரண்டாம் தாரம் சட்டப்படி குற்றம் இல்லை, மறைக்கவும் தேவையில்லை. அதன் பிறகு, முதல் மனைவி உயிரோடு இருந்தும் 'திருமணமாகாதவர்' என்று எழுத ஒரு காரணம் வந்துவிட்டது. வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது இது வெடிக்கும். 'பெரிய வீடு', 'சின்ன வீடு' என்று ஊரில் பேச்சு இருந்தால் வெட்கப்படாமல் பெரியவர்களிடம் முதலிலேயே கேட்டுவிடுங்க.

தேதி விஷயத்தில் பொய்யைவிடக் குழப்பம்தான் அதிகம். பழைய அழைப்பிதழில் 'சித்திரபானு வருடம் தை மாதம்' என்று மட்டும் இருக்கும். சித்திரபானு 1942 ஏப்ரலில் பிறந்தது, தை மாதம் வருவதோ 1943 ஜனவரியில். இந்தக் கட்டுரைக்குக் கணக்குப் போடும்போது நானே ஒருமுறை 1942 என்று எழுதிவிட்டேன். தமிழ் வருடம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால் அது 1883-ஆகவும் இருக்கலாம். மூத்த பிள்ளை எப்போது பிறந்தது என்று பார்த்தால் எந்தச் சுற்று என்று தெரிந்துவிடும்.

சார்பதிவாளர் அலுவலகச் சான்றில் திருமணம் நடந்த நாளும் பதிவு செய்த நாளும் வேறு வேறு. பாஸ்போர்ட்டுக்காகவோ ஓய்வூதியத்துக்காகவோ இருபது வருடம் கழித்துப் பதிந்தவர்கள் உண்டு. அப்போது முகூர்த்த நாளை ஞாபகத்திலிருந்துதான் சொல்லியிருப்பாங்க. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிய வேண்டும் என்ற 2009-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே அந்த ஆண்டு நவம்பரில்தான். அதனால் தாத்தாவின் கல்யாணம் இணையத்தில் கிடைக்கவில்லை என்றால், கல்யாணமே நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. 1968-க்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்குப் பின்னாளில்தான் சட்ட ஏற்பு கிடைத்தது. அவற்றுக்கு அழைப்பிதழும் போட்டோவும்தான் பெரும்பாலும் மிச்சம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஆலயப் பதிவேடு, முஸ்லிம் குடும்பம் என்றால் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு பாருங்க.

பெயர்களைச் சொல்லவே வேண்டாம். ராமசாமி, ராமஸ்வாமி, ராமசுவாமி மூவரும் ஒரே ஆளாக இருப்பாங்க. பெண்ணின் இனிஷியல் ஒரு தாளில் அப்பாவுடையது, இன்னொன்றில் கணவருடையது. தேடும்போது எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்க. கையெழுத்து இருந்தால் அதைப் பெரிதாக்கிப் படிங்க. எழுத்தர் எழுதிய பெயரைவிட அவர் தானே போட்ட கையெழுத்து மேல்.

என்னைக் கேட்டால், சரிபார்க்க மொய் நோட்டு மாதிரி ஒன்று கிடையாது. கல்யாண நாளன்றே எழுதியது. யார், எந்த ஊர், எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். திருப்பிச் செய்ய வேண்டிய பணம் ஆச்சே, அதில் யாரும் ஊர் பெயரை மாற்றிச் சொல்லமாட்டாங்க. சான்றில் இல்லாத தாய்மாமன், பங்காளி எல்லாரும் முதல் பக்கத்திலேயே இருப்பாங்க.

வயதோ பெயரோ முரண்பட்டால் மூல ஆவணத்தில் பேனா வைக்காதீங்க. இரண்டையும் போட்டோ எடுத்து, எந்தத் தாளில் என்ன இருக்கிறது, அந்தத் தகவலை அப்போது யார் கொடுத்திருப்பார் என்று பக்கத்தில் குறித்து வையுங்க. வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் என்று போகும்போது வட்டாட்சியர் அலுவலகத்தில் முதல் கேள்வியே இந்த முரண்பாடு பற்றித்தான் வரலாம். அட்டை கிழிந்த மொய் நோட்டை அத்தை வீட்டுப் பரணிலிருந்து எடுக்கும்போது மட்டும் பார்த்து, பக்கங்கள் கையோடு வந்துவிடும்.