இரு தோணியில் கால் வைக்கலாமா?

இரு தோணியில் கால் வைத்தவர் கதி என்ன என்று பழவேற்காட்டுப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. கணினியிலும் அப்படியே.

தமிழக அரசு 2011 முதல் மாணவியருக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் ‘பாஸ் லினக்ஸ்’ இருந்தது. அதற்குத் தாய், 1993-இல் தோன்றிய டெபியன். அங்கே சோதித்து முடித்த மென்பொருள் தொகுப்புகளை ‘ஸ்டேபிள்’ என்றும், அடுத்த வெளியீட்டுக்காகச் சோதனையில் உள்ளவற்றை ‘டெஸ்டிங்’ என்றும் பிரித்து வைக்கின்றனர்.

ஸ்டேபிள் கணினியில் டெஸ்டிங்கிலிருந்து ஒரே ஒரு மென்பொருளைச் சேர்த்தால் என்ன? அது பெரும்பாலும் தனியே வராது. ஏறக்குறைய எல்லா மென்பொருள்களுக்கும் அடித்தளமான ‘சி நூலகம்’ போன்றவற்றின் புதிய பதிப்பையும் உடன் கேட்கும். அடித்தளம் மாறினால் பழையவற்றுள் சில நீக்கப்படலாம். சில இயங்காமல் போகலாம். பழைய பதிப்புக்குத் திரும்புவதும் உறுதியன்று. பாதுகாப்புத் திருத்தங்களும் டெஸ்டிங்குக்குத் தாமதமாக வரக்கூடும். நாளை செய்முறைத் தேர்வு. இன்றிரவு கணினி எழ மறுத்தால் யாரிடம் அழுவது?

புதியது வேண்டுமெனில், ஸ்டேபிளுக்கென்றே மீண்டும் தொகுக்கப்பட்ட ‘பேக்போர்ட்ஸ்’ பகுதியில் தேடுவோம். முதலில் நம் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைப்போம். எவை நீக்கப்படும் என்று கணினி காட்டும் பட்டியலை முழுவதும் படித்த பின்பே ‘ஆம்’ என்போம்.

பழைய ஆடையில் புதுத்துணியை ஒட்டுப்போட்டால் கிழிசல் பெரிதாகும் என்பது நம் ஆண்டவர் காட்டிய உவமையன்றோ!