நீர் பகிரும் சிற்றூர்

இந்தோனேசியா தீவுகளால் ஆகிய நாடு. அந்நாட்டில் 17,000 தீவுகளுக்கு மேல் உள்ளன. அவற்றுள் ஒன்றாகிய பாலி, ஜாவாத் தீவுக்குக் கிழக்கே ஒரு குறுகிய கடற்காலுக்கு அப்பால் அமைந்துள்ளது. அத்தீவின் நடுவே எரிமலைகள் ஓங்கி நிற்கின்றன. முகில்கள் அம்மலைகளில் தங்கி மழை பொழிகின்றன. எரிமலைச் சாம்பலால் வளமுற்ற மண்ணும், வற்றாத ஊற்றுகளும் பாலியை நெல் விளையும் பூமியாக்கின. அத்தீவின் தபானான் மாவட்டத்தில், பத்துக்காரு என்னும் மலையின் தென்சரிவில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் ஒரு சிற்றூர் உள்ளது. ஜாத்திலுவி என்பது அதன் பெயர்.

ஜாத்திலுவியின் வயல்கள் சமவெளியில் பரந்து கிடப்பவை அல்ல. மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் வரப்புக் கட்டி அமைத்த அடுக்கு வயல்கள் அவை. நடவுக் காலத்தில் நீர் நிறைந்து நிற்கும்போது ஒவ்வொரு படியும் வானத்தைக் காட்டும் கண்ணாடி போல் ஒளிரும். பயிர் வளர்ந்தபின் மலை முழுவதும் பச்சைப் பட்டுடுத்தியது போல் தோன்றும். இக்காட்சியைக் காண உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். ஆயினும், இவ்வூரின் உண்மைப் பெருமை கண்ணுக்குப் புலப்படும் அழகில் மட்டும் இல்லை. அவ்வயல்களுக்கு நீர் வந்து சேரும் முறையில் உள்ளது.

இவ்வூர் உழவர்கள் தொன்றுதொட்டுப் பயிரிட்டு வருவது ஒருவகைச் செந்நெல். ஆண்டின் தொடக்கத்தில் நடப்படும் அந்நெல் ஐந்தாறு திங்கள் நின்று நிதானமாக விளையும். விளைந்த கதிர்களை ‘அனி அனி’ என்னும் சிறு கத்தியால் ஒவ்வொன்றாகக் கொய்வது பழைய வழக்கம். உள்ளங்கையில் மறையும் அளவுள்ளது அக்கத்தி. நெல்லின் தெய்வமான தேவி ஸ்ரீ அதனைக் கண்டு அஞ்சாள் என்பது மக்களின் நம்பிக்கை. கொய்த கதிர்களைக் கட்டுக்கட்டாக உயர்ந்த கால்களின்மேல் நிறுத்திய களஞ்சியங்களில் சேர்த்து வைப்பர். அறுவடை முடிந்தபின் வாத்துகளை வயலில் மேயவிடுவர். அவை சிந்திய மணிகளையும் பூச்சிகளையும் தின்று, நிலத்துக்கு எருவும் இடும்.

மலையில் ஊறும் நீரைப் படிவயல்களுக்குக் கொணர்தல் எளிய செயலன்று. பள்ளத்தாக்குகள் ஆழமானவை, ஆறுகள் அவற்றின் அடியில் ஓடுபவை. ஆதலின் முன்னோர்கள் பாறையைக் குடைந்து சுரங்கக் கால்வாய்கள் அமைத்தனர். கி.பி. 896ஆம் ஆண்டைச் சேர்ந்த பாலிச் சாசனம் ஒன்றே சுரங்கம் வெட்டும் தொழிலாளரைக் குறிப்பிடுகின்றது. இத்தகைய பெரும்பணி ஒருவனால் முடிவதன்று. ஒரு நீர்மூலத்தைச் சார்ந்த உழவர் அனைவரும் ஒன்றுகூடினால்தான் முடியும். அவ்வாறு கூடிய உழவர் அமைப்பே ‘சுபாக்’ எனப்படுவது. பாலியில் ஏறத்தாழ 1,200 சுபாக்குகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 50 முதல் 400 உழவர்கள் வரை உறுப்பினராக இருப்பர்.

ஊர் அமைப்பு வேறு, சுபாக் வேறு. வீடு எவ்வூரில் இருப்பினும், நிலம் எந்த வாய்க்காலில் நீர் பெறுகின்றதோ அந்த வாய்க்காலுக்குரிய சுபாக்கில்தான் உழவன் உறுப்பினன் ஆவான். சுபாக்கின் கூட்டத்தில் உயர்குலம், தாழ்குலம் என்ற வேறுபாடு இல்லை. உழவன் என்ற ஒரே உரிமையோடு யாவரும் அமர்வர். ‘பெக்காசே’ எனப்படும் தலைவரை அவர்களே தேர்ந்தெடுக்கின்றனர். வாய்க்காலைத் தூர் வாரும் நாள், நடவு நாள், நீரைத் திருடியவனுக்குரிய தண்டம் ஆகிய அனைத்தையும் அவர்கள் வகுத்த விதிகளே முடிவு செய்கின்றன. வாய்க்காலின் குறுக்கே வெட்டுவாய்கள் கொண்ட மரக்கட்டையைப் பதித்து, வெட்டுவாயின் அகலத்திற்கேற்ப நீரைப் பங்கிடுகின்றனர். நீர் பெருகினால் எல்லார் பங்கும் பெருகும். குறைந்தால் எல்லார் பங்கும் குறையும். இரவில் காவல் இல்லாதபோதும் அக்கட்டை நடுநிலை தவறுவதில்லை.

இங்கே ஒரு வினா எழுகின்றது. தலைமடையில் உள்ளவன் நீரை முதலில் பெறுகின்றான். அவன் விரும்பினால் முழுவதையும் தானே பாய்ச்சிக்கொள்ளலாம். கடைமடைக்காரனுக்கு அவன் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? அருளால் மட்டுமா? அன்று. அதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. கடைமடைக்கு உரிய காலத்தில் நீர் சேராவிடின், அங்குள்ளவன் காலந்தாழ்த்தி நடுவான். மேல்வயலில் அறுவடை முடியும்போது கீழ்வயலில் பயிர் பசுமையாக நிற்கும். புகையான் முதலிய பூச்சிகளும் எலிகளும் மேல்வயலிலிருந்து கீழ்வயலுக்கும், மீண்டும் கீழிருந்து மேலுக்கும் இடையறாது இரை தேடிச் செல்லும். எல்லாரும் ஒரே காலத்தில் நட்டு, ஒரே காலத்தில் அறுத்து, வயல்களை ஒருங்கே ஓய விட்டால் பூச்சிகள் இரையின்றி மடியும். ஆகவே, கடைமடைக்காரனுக்கு நீர் வேண்டும். தலைமடைக்காரனுக்குக் கடைமடைக்காரனின் ஒத்துழைப்பு வேண்டும். ஒருவன் நலம் மற்றவன் நலத்தில் அடங்கியிருக்கின்றது.

ஒரே நீரைச் சார்ந்த பல சுபாக்குகளின் நடவுக் காலத்தை ஒழுங்குபடுத்தும் இடங்களாகக் கோயில்கள் விளங்குகின்றன. வாய்க்கால் தொடங்கும் இடத்தில் சிறு கோயில். பல வாய்க்கால்களுக்குப் பொதுவாகப் பெருங்கோயில். மலையின் உச்சியை நோக்கிய பத்துக்காருத் திருக்கோயில் என அவை படிப்படியாக அமைந்துள்ளன. கோயில் விழாவுக்குக் கூடும் உழவர்கள் வழிபாட்டோடு நீர்முறையையும் பேசி முடிவு செய்கின்றனர். இறைவனோடும், மக்களோடும், இயற்கையோடும் இணங்கி வாழ்தலே இன்பத்துக்கு வழி என்னும் கொள்கையை அவர்கள் ‘திரி ஹித கரண’ என்று கூறுவர்.

இம்முறையின் அருமை, அதனைக் கைவிட்டபோதுதான் உலகுக்குப் புலனாயிற்று. 1970களில் நாட்டின் உணவுப் பற்றாக்குறையைப் போக்க இந்தோனேசிய அரசு முனைந்தது. விரைந்து விளையும் புதிய நெல்வகைகளும், இரசாயன உரங்களும், பூச்சிமருந்துகளும் பாலியில் பரவின. கோயில்களின் கால அட்டவணைக்குக் காத்திராமல் இயன்ற போதெல்லாம் நடுமாறு உழவர்கள் தூண்டப்பட்டனர். நோக்கம் நல்லதே, தொடக்கத்தில் விளைச்சலும் பெருகிற்று. ஆனால், பல பகுதிகளில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காலத்தில் நட்டனர். வயல்களில் எப்போதும் ஏதேனும் ஒரு பயிர் நின்றது. புகையான் பெருகிற்று; நோய்கள் பரவின; நீருக்கு முறை தவறிற்று. மருந்து மிகுந்தது, பூச்சி ஒழியவில்லை. மருந்து பூச்சியோடு, பூச்சியைத் தின்னும் உயிர்களையும் அழித்ததே அதற்குக் காரணம். 1986ஆம் ஆண்டில் அரசு 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்வயலில் பயன்படுத்துவதைத் தடை செய்தது.

அக்காலத்தில் ஸ்டீபன் லான்சிங் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர் பாலியின் நீர்க்கோயில்களை ஆராய்ந்து வந்தார். அவர் ஜேம்ஸ் கிரெமர் என்னும் சூழலியல் அறிஞரோடு சேர்ந்து, தீவின் தென்பகுதியில் ஓடும் ஊஸ், பெத்தானு ஆகிய இரண்டு ஆறுகளைச் சார்ந்த 172 சுபாக்குகளின் நிலையைக் கணிப்பொறியில் அமைத்துப் பார்த்தார். தனித்தனியே நட்டால் பூச்சியால் இழப்பு மிகும். எல்லா வயல்களிலும் ஒரே நாளில் நட்டால் நீர் போதாது. நீர்க்கோயில்கள் வகுத்தவாறு சுபாக்குகள் தொகுதி தொகுதியாகச் சேர்ந்து நட்டால் விளைச்சல் சிறக்கும் என்று அக்கணக்குக் காட்டிற்று. உழவர்களைக் கேட்டபோது, கடைமடையில் உள்ளோர் நீர்க்குறையைப் பெரிதாக அஞ்சினர். தலைமடையில் உள்ளோர் பூச்சியைப் பெரிதாக அஞ்சினர். பழைய வழக்கம் என்று எண்ணப்பட்டதன் உள்ளே ஆழ்ந்த அறிவு இருந்தமை இவ்வாறு தெளிவாயிற்று.

2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் பாலியின் சுபாக் முறையை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது. ஜாத்திலுவியின் வயல்களும் அதனுள் அடங்கும். அப்புகழால் ஊருக்கு வருவாய் வந்தது; அதனோடு கவலையும் வந்தது. வயலைக் காண வருவோர்க்கு உணவகமும் தங்குமிடமும் வேண்டியிருக்கின்றன. அவற்றை எழுப்ப வயலையே அழிக்கும் ஆசையும் உண்டாகின்றது. இளைஞர் பலர் உழவை விட்டு நகரத்து விடுதிகளில் வேலை தேடுகின்றனர். ஒரு வயல் கட்டடமானால் இழப்பு அந்த ஒரு வயலோடு நிற்பதில்லை. அதன் வழியே கீழே செல்லும் வாய்க்கால் தடைப்படும். வாய்க்காலைத் தூர் வாரும் கைகளும் குறையும். கண்ணுக்கு இனிய காட்சியைக் காப்பது உழவனின் உழைப்பே. உழவன் வாழ வழியில்லையேல் காட்சியும் நில்லாது.

ஜாத்திலுவியின் உழவன் காலையில் வரப்பின்மேல் நின்று தன் வயலுக்குள் பாயும் நீரைப் பார்க்கின்றான். அந்நீர் தனக்கு மேலுள்ளவன் விட்டது என்பதை அவன் அறிவான். தன் வயலைக் கடந்து கீழே செல்லும் நீர் மற்றொருவனுக்கு உரியது என்பதையும் அறிவான். மடையை அடைக்கும் ஆற்றல் கையில் இருந்தும் அடையாது விடும் அவ்வறிவே, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பாலியின் மலைச்சரிவுகளைப் பசுமையாக வைத்திருக்கின்றது.