குட்டி டரான்டுலா சாப்பிட மறுக்கிறதா? முழுமையான வழிகாட்டி

ஆசையாக வாங்கி வந்த குட்டி டரான்டுலா, போட்ட இரையைத் திரும்பிக்கூடப் பார்க்காவிட்டால் நமக்கே சோறு இறங்காது. பதற வேண்டாம். பெரும்பாலும் அதற்கு ஒரு குறையும் இருக்காது. காரணத்தைக் கண்டுபிடித்து, தண்ணீர், இடம், இரை என்ற வரிசையில் ஒவ்வொன்றாகச் சரிசெய்வோம். புதியவர்கள் அதிகம் வளர்க்கும் கர்லி ஹேர் வகையின் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குட்டியை, அதாவது ‘ஸ்லிங்’கை, மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற வகைகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் வயிற்றைப் பார்ப்போம்

எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. வயிறுதான் கணக்கு. சிலந்தியின் உடலில் இரண்டு பகுதிகள் உண்டு. கால்கள் முளைத்திருப்பது முன்பகுதி, பின்னால் உருண்டையாக இருப்பது வயிறு. வயிறு முன்பகுதியைவிடப் பெருத்து, தோல் இழுபட்டுப் பளபளத்தால் குட்டி பசியில் இல்லை, தோலுரிக்கத் தயாராகிறது. பழைய தோலுக்கு அடியில் புதுத் தோலும் ரோமமும் உருவாவதால் வயிறு கறுத்துத் தெரியும். நடமாட்டமும் குறையும்.

சில குட்டிகள் வளையின் வாயை மண்ணாலும் நூலாலும் அடைத்துக்கொண்டு உள்ளே இருந்துவிடும். சில வாரங்கள் வெளியே தலை காட்டாது. தோண்டிப் பார்க்கவே கூடாது. இந்த ஆர்வத்தால் குட்டியையே இழக்க நேரலாம்.

வீட்டுக்கு வந்து ஓரிரு வாரம்தான் ஆகிறது என்றால் இடம் புதிது என்பதே காரணமாக இருக்கலாம். அடிக்கடி டப்பாவைத் திறக்காமல் அமைதியாக விட்டுவிடுவோம்.

வயிறு முன்பகுதியைவிடச் சிறுத்து, சுருக்கம் விழுந்திருந்தால் மட்டும் உடனே அடுத்த படிக்குப் போவோம்.

இரைக்கு முன் தண்ணீர்

சிலந்தி தன் கால்களை நீட்டுவது உடலுக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தத்தால். நீர் வற்றினால் அழுத்தம் குறைந்து, கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கத் தொடங்கும். அந்த நிலையில் எந்த இரையைக் கொடுத்தாலும் சிலந்தியால் பிடிக்க முடியாது.

உரம் கலக்காத கோகோபீட்டை ஊறவைத்து, சொட்டாமல் பிழிந்து டப்பாவில் அழுத்துங்கள். ஒரு பாதியை மட்டும் டிராப்பரால் அவ்வப்போது நனைத்துவந்தால் போதும். மறுபாதி உலர்ந்திருக்கட்டும், குட்டி தனக்கு வேண்டிய பக்கம் போய்க்கொள்ளும். முழுவதும் சொதசொதவென்று இருந்தால் பூஞ்சை பிடிக்கும். பக்கவாட்டில் சிறு காற்றுத் துளைகள் அவசியம். ஒரு சின்ன மூடியில் தண்ணீரும் வைக்கலாம்.

24 முதல் 28 டிகிரி வரை இதமான வெப்பம். நம் ஊர் அறைகளில் பெரும்பாலும் இது தானாகவே கிடைக்கும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் குளிரால் செரிமானம் மந்தமாகிச் சாப்பாடு குறையும். வீட்டிலேயே கதகதப்பான அறைக்கு மாற்றினால் சரியாகிவிடும். பல்பு போட்டுச் சூடாக்க வேண்டாம். அது குட்டியை உலர்த்திவிடும்.

டப்பாவும் சிறியதாக இருக்கட்டும். இந்த அளவுக் குட்டிக்கு 100 மில்லி கப் தாராளம். பெரிய தொட்டியில் விட்டால் இரை ஒரு மூலை, குட்டி ஒரு மூலை என்று ஆகிவிடும்.

எப்படிக் கொடுப்பது?

டரான்டுலா இரவு நடமாடும் உயிர். எனவே இரவில் விளக்கணைக்கும் நேரம் நல்லது.

சிறிய மீல்வார்ம் ஒன்றை எடுத்து இடுக்கியால் தலையை நசுக்குங்கள். நசுக்காமல் போட்டால் மண்ணுக்குள் புகுந்துவிடும். குட்டியின் வயிற்றைவிடப் பெரிதாகாத துண்டாக வெட்டி, வளையின் வாயருகே வையுங்கள். குட்டிகள் செத்த இரையையும் தின்னும் என்பது நமக்குப் பெரிய வசதி. துண்டைத் தொட்டதும் முன்கால்களைத் தூக்கிப் பின்வாங்கினால் இன்று வேண்டாம் என்று பொருள். வற்புறுத்த வேண்டாம்.

காலையில் பாருங்கள். சிலந்தி மெல்வதோடு செரிமான நீரையும் விட்டு, கரைந்ததை உறிஞ்சிக் குடிக்கும். கடுகளவு கறுப்பு உருண்டை ஒன்று கிடந்தால் சாப்பிட்டுவிட்டது! துண்டு அப்படியே இருந்தால் எடுத்து வீசிவிட்டு, நான்கைந்து நாள் கழித்து மறுபடி முயல்வோம். தினமும் முயல்வது குட்டிக்குத் தொல்லைதான்.

எவ்வளவு செலவாகும்?

கப், டிராப்பர், இடுக்கி, கொஞ்சம் கோகோபீட் எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள் முடித்துவிடலாம். மீல்வார்ம் பறவை, மீன் விற்கும் கடைகளில் கிடைக்கும். சிறிய டப்பா வாங்கி, கோதுமைத் தவிட்டில் போட்டு ஒரு கேரட் துண்டும் வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். பசியைத் தூண்டும் மருந்து என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

தோலுரித்த பிறகு

ஒரு நாள் குட்டி மல்லாந்து கிடக்கும். செத்துவிட்டது என்று எண்ணித் திருப்பிப்போட்டுவிடாதீர்கள். டரான்டுலா மல்லாந்துதான் தோலுரிக்கும். முடிந்ததும் கோரைப்பற்கள் வெள்ளையாக, மென்மையாக இருக்கும். பிறகு சிவந்து, கடைசியில் கறுக்கும். குட்டிக்கு ஒரு வாரம் பொறுத்தால் போதும். அதற்குள் உயிருள்ள சுவர்க்கோழியை விட்டால், அதுவே குட்டியைக் கடித்துத் தின்றுவிடும். பல் கறுத்தபின் கொடுத்துப் பாருங்கள். பாய்ந்து வந்து பிடிக்கும்.

எச்சரிக்கை

அந்த அறையில் கொசுவர்த்தி, கொசு விரட்டும் மெஷின், பூச்சி ஸ்பிரே எதுவும் வேண்டாம். பூச்சியைக் கொல்லும் மருந்து சிலந்தியையும் கொல்லும். எறும்புக்குச் சாக்பீஸ் போடுவதும் அப்படித்தான், அதுவும் பூச்சிக்கொல்லியே. எறும்பு ஏறாமலிருக்க, தண்ணீர்த் தட்டின் நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் டப்பாவை வைக்கலாம். வீட்டுக் கரப்பானும் வயல் வெட்டுக்கிளியும் இரையாக வேண்டாம். மருந்து தின்றவையாக இருக்கலாம்.

கர்லி ஹேர் வயிற்று ரோமத்தை உதிர்த்துவிடும். கண்ணில் பட்டால் கடுமையாக அரிக்கும். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், வேலை முடிந்ததும் கை கழுவுங்கள்.

எப்போது கவலைப்படுவது?

ஈரம் இருந்தும் வயிறு சுருங்கிக்கொண்டே வந்தால், கால்கள் அடியில் மடங்கினால், வாயைச் சுற்றி வெள்ளையாக ஏதோ பிசுபிசுத்து நாறினால் அது ஆபத்து. கால்கள் மடங்கியிருந்தால் உடனே தண்ணீர் காட்டுங்கள்: வாய்ப்பகுதி ஒரு துளி நீரைத் தொடும்படி வையுங்கள்; மூச்சுவிடும் உறுப்பு வயிற்றின் அடிப்புறத்தில் இருப்பதால் வயிறு நீரில் மூழ்கக் கூடாது. வாயருகே வெள்ளைப் பிசுபிசுப்பு ஒட்டுண்ணிப் புழுவாக இருக்கலாம். அந்தக் குட்டியை மற்றவற்றிடமிருந்து பிரித்து, இடுக்கியையும் தனியாக வைத்து, அயல் விலங்குகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாமல் வயிறு உருண்டையாக இருந்தால், ஒரு மாதம் சாப்பிடாவிட்டாலும் நிம்மதியாக இருங்கள்.