ஓர் அந்தர் யூரியாவுக்கு எத்தனை லோட் எரு?

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் தடைசெய்த பிறகுதான், மன்னாரில் கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பி வயல் செய்யும் நாங்கள் எருவைக் கணக்குப் பார்க்கத் தொடங்கினோம். அதுவரை கமநல சேவை நிலையத்தில் மானியப் பசளையை எடுத்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று எறிவதே வழக்கம். நவம்பரில் தடையை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஓர் அந்தர் யூரியாவுக்கு எத்தனை லோட் எரு ஈடாகும் என்ற கேள்வி என்னை விடவில்லை.

யூரியாவில் நைதரசன் 46 வீதம். ஓர் அந்தர், அதாவது 50 கிலோ பையில் 23 கிலோ. பட்டி எருவில் சுமார் அரை வீதம், அதாவது தொன்னுக்கு 5 கிலோ. ஒரு பைக்கு ஈடாக நாலரைத் தொன்னுக்கு மேல் வேண்டும். அதிலும் முதற்போகத்துப் பயிருக்குக் கிடைப்பது ஒரு பங்குதான். மிச்சம் மெல்ல உக்கி அடுத்த போகங்களுக்குப் போய்ச் சேரும்.

பசளை முகாமைத்துவ மென்பொருள்கள் செய்வதும் இந்தக் கணக்கைத்தான். பிரித்தானியாவின் மெனர்-என்பிகே என்ற இலவச மென்பொருள் கேள்வி கேட்பதில் கெட்டிக்காரன். எது போட்ட எரு, எப்போது பரப்பினீர்கள், எவ்வளவு நேரத்தில் உழுது மூடினீர்கள், என்ன மண், பிறகு எவ்வளவு மழை என்று வரிசையாகக் கேட்கும். அந்த நாட்டுக் குளிருக்கும் மழைக்கும் செய்தது என்பதால் அதன் விடை எங்கள் முருங்கனுக்குப் பொருந்தாது. கேள்விகளை மட்டும் எடுத்து எக்செல் தாளில் நிரல்களாக்கிக்கொண்டேன். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ரைஸ் குரொப் மனேஜர் என்ற செயலி போன போகத்து விளைச்சலையும் கேட்கும். அதையும் ஒரு நிரலாக்கி, வைக்கோலுக்கும் ஒன்று சேர்த்தேன். நெற்பயிர் எடுக்கும் பொற்றாசியத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் நிற்கிறது. அதை வயலிலேயே பரப்பிவிட்டீர்களா, மாட்டுக்கு ஏற்றினீர்களா என்று எழுதாவிட்டால் எம்.ஓ.பி. என்ற பொற்றாசியப் பசளையின் கணக்கே பிழைத்துவிடும்.

நான் பார்த்த எந்தச் செயலியும் கேட்காத ஒன்று மணல். எங்கள் பக்கத்துப் பட்டிகளில் எருவைக் கூட்டி அள்ளும்போது மணலும் சேர்ந்து வரும். ஒரு லோட் என்றால் எல்லோருக்கும் ஒரே லோட் அல்ல. ஒரு சாக்கை நிறுத்துப் பாருங்கள், பிறகு சாக்குகளை எண்ணுங்கள். அதிலிருந்து ஒரு பிடியை வாளித் தண்ணீரில் கலக்கினால் அடியில் படியும் மணலே சொல்லிவிடும், வாங்கியது எருவா நிலமா என்று. செயலியில் தொன் கணக்கைப் போடுமுன் அந்த மணலைக் கழித்துவிட வேண்டும்.

அடுத்தது அலகு. செயலிகள் பெரும்பாலும் ஹெக்டேயரில் பேசும். நாங்கள் ஏக்கரில் விதைக்கிறோம். ஹெக்டேயருக்கு 100 கிலோ நைதரசன் என்றால் யூரியா 217 கிலோ. ஏக்கருக்கு அது 88 கிலோதான். 217ஐ ஏக்கருக்கென்று எண்ணி எறிந்தால் பயிர் படுத்துவிடும், காசும் போய்விடும். பொசுபரசு என்று ஒரு செயலி சொல்வதும் பசளைப் பையில் அச்சிட்ட ஒட்சைட்டுக் கணக்கும் வேறு வேறு, முன்னதை 2.29ஆல் பெருக்கினால்தான் பின்னது வரும். புதிதாக எந்தச் செயலியைத் திறந்தாலும் நான் முதலில் தேடுவது இந்த இரண்டையும்தான்.

மன்னாருக்கு ஒரே தாள் போதாது. பெருநிலத்தில் முருங்கன் பக்கம் வெடித்துப் பிளக்கும் கருங்களி, காரத்தன்மையுள்ளது. அங்கே யூரியா மேலே கிடந்தால் அமோனியாவாகிக் காற்றோடு போகும். வாடைக் காற்று வீசும் நாளில் இன்னும் மோசம். நீரை வடித்து, சேற்று ஈரத்தில் எறிந்து, பிறகு நீர் கட்டுவதே நல்லது. எறிவதற்குமுன் இலை நிற அட்டையை, வெயில் படாமல் உடம்பால் மறைத்து, இலையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த அட்டையின் வாசிப்புக்கும் ஒரு நிரல் வைத்திருக்கிறேன். செயலி சொன்ன நாளில் இலை கரும்பச்சையாக இருந்தால் நான் இலையைத்தான் நம்புவேன்.

மன்னார்த் தீவுக்குள், பேசாலைப் பக்கத் தோட்டங்களில், வேறு கதை. மணலில் பசளை நிற்காது. ஒரு மழைக்கே வேரைத் தாண்டிக் கீழே இறங்கி, ஆழமில்லாத கிணற்று நீரில் நைத்திரேற்றாகச் சேரும். ஆகவே அங்கே அளவைச் சிறிதாகப் பிரித்துப் பல தடவை போட வேண்டும். எருவையும் மாரி மழைக்கு முன்னே மொத்தமாகப் பரப்பக்கூடாது. என் தீவுத் தாளில் ‘கிணற்றிலிருந்து எத்தனை அடி’ என்று ஒரு நிரல் உண்டு. நான் கண்ட வெளிநாட்டு மென்பொருள்களில் கிணறும் ஓடையும் வரைபடத்திலேயே குறிக்கப்படுகின்றன. எங்களுக்கு அது இன்னும் அவசரமான தேவை, ஏனென்றால் அதே கிணற்று நீரில்தான் பிள்ளைக்குப் பால்மா கரைக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது. மழைக்கு முன் ஒரு தடவையும், மழை விட்ட பின் ஒரு தடவையும் நீரைப் பரிசோதித்து, அந்த இரண்டு எண்களையும் பசளைத் தாளிலேயே எழுதி வையுங்கள்.