சடை பின்னப் போகும் அக்காவுக்கு

அன்புள்ள மகிழினி,

அம்மா நேற்று போனில் எல்லாம் சொன்னாள். அடுத்த வாரத்திலிருந்து அவளுக்குக் காலை ஷிப்ட், விடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும். குட்டி யாழினிக்குத் தலை வாரிச் சடை பின்னும் வேலையை நீயே கேட்டு வாங்கிக்கொண்டாயாம். ‘எப்படிப் பின்னுவது என்று சித்தியிடம் கேட்டுக்கொள்கிறேன்’ என்றாயாம். கேட்கவே மகிழ்ச்சியாக இருந்தது. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால் எழுதியே அனுப்புகிறேன். இதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்.

முதலில் ஒன்றை மனதில் போட்டுக்கொள். இறுக்கிப் பின்னினால்தான் சடை சாயங்காலம்வரை நிற்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அது தவறு. சடை நிற்பது, பின்னுவதற்குப் பிரிக்கும் மூன்று கால்களும் ஒரே அளவாக இருப்பதாலும், கை ஒரே சீராக இழுப்பதாலும்தான். தலையோடு ஒட்டிய இடத்தில் தளர்வு, நீளத்தில் சீர், நுனியில் உறுதி. நான் எழுதப்போகிற எல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

தளர்வு ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். முடியின் வேர் தோலுக்குள் ஒரு சிறு குழியில் இருக்கிறது. தினமும் ஒரே பக்கமாக இழுபட்டால் அந்தக் குழி புண்படும். முதலில் நெற்றியோரத்திலும் காதுக்கு மேலேயும் சின்னச் சின்னப் பொரிகள் தெரியும், அப்புறம் முடி மெலியும், வருடக்கணக்கில் தொடர்ந்தால் அந்த இடத்தில் முடி முளைப்பதே நின்றுபோகும். முடியை இறுக்கி இழுத்துக் கட்டிய கிரீன்லாந்துப் பெண்களுக்கு முன்நெற்றி வழுக்கையாவதை 1907-இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சீக்கிரம் கவனித்துத் தளர்த்திவிட்டால் முடி திரும்ப வளர்ந்துவிடும். குழந்தையின் முடி நம்முடையதைவிட மெல்லியது என்பதால் அவளுக்கு இந்தக் கவனம் கூடுதலாகவே வேண்டும்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர், சில பேருக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளரும். யாழினிக்கு மூன்று வயதில் பழனியில் மொட்டை போட்டோம். இப்போது ஐந்தரை. அவள் முடி 30 சென்டிமீட்டர் இருக்குமானால், நுனியில் இருக்கும் முடிக்கு இரண்டரை வயது. வெயில், எண்ணெய், சீப்பு, பள்ளிப் பையின் வார் எல்லாவற்றையும் அது பார்த்துவிட்டது. நுனி சீக்கிரம் சிக்கு விழுவதும் பிளவுபடுவதும் அதனால்தான். வேரை எப்படிப் பார்த்துக்கொள்கிறாயோ, நுனியையும் அப்படியே பார்த்துக்கொள்.

காலை வேலையில் பாதியை முந்தின இரவே முடித்துவிடலாம். படுப்பதற்கு முன் உள்ளங்கையில் நாலைந்து சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, இரண்டு கையிலும் தேய்த்து, நீளத்திலும் நுனியிலும் தடவு. வழிய வழிய வைக்காதே. அவ்வளவு எண்ணெயில் புழுதிதான் ஒட்டும். பிறகு சிக்கெடுத்து, தளர்வாக ஒற்றைச் சடை போட்டுப் படுக்க வை. விரித்த முடியோடு படுத்தால் தலையணையில் உரசி விடியும்போது ஒரே சிக்காகிவிடும்.

சிக்கெடுக்கும்போதுதான் குழந்தைகள் அழுவார்கள். அழவே வேண்டாம். அகலப் பல் சீப்பை எடு. இடது கையால் முடியை ஒரு கொத்தாகப் பிடித்துக்கொள். பிடி, சிக்குக்கு மேலே, தலைக்கும் சிக்குக்கும் நடுவில் இருக்கட்டும். இப்போது நுனியிலிருந்து நாலு விரற்கடை மேலே சீப்பை வைத்துக் கீழே வாரு. அது வழுக்கிக்கொண்டு இறங்கியதும் இன்னும் நாலு விரற்கடை மேலே போ. இழுப்பெல்லாம் உன் கைப்பிடியோடு நின்றுவிடும், தலைத்தோலுக்குப் போகாது. உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக வாரினால் எல்லாச் சிக்கும் கீழே ஓர் இடத்தில் கூடி முடிச்சாகிவிடும். முடிச்சு விழுந்த இடத்தைச் சீப்பால் பிய்க்காதே. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு விரலால் பிரி.

தலைக்குக் குளித்த அன்று ஈரம் காய்ந்த பிறகுதான் பின்ன வேண்டும். நனைந்த முடி ரப்பராக நீளும், நீண்டு நீண்டு வலுவிழந்து அறுந்துவிடும். ஈரத்தோடு பின்னிய சடை உள்ளே காயாமல் நாற்றமும் அடிக்கும். ஆகவே தலைக்குளியலைச் சனி, ஞாயிறில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் சின்ன ஸ்டூலில் அவளை உட்கார வை. நீ பின்னால் நாற்காலியில் உட்காரு. அவள் தலை உன் நெஞ்சுக்கு நேராக இருக்க வேண்டும். குனியவும் வேண்டாம், அண்ணாந்து பார்க்கவும் வேண்டாம். குனிந்தபடி பின்னினால் அவள் நிமிரும்போது பிடரியில் முடி தொங்கிப் பையாகிவிடும். அவள் பார்வைக்கு நேராக எதையாவது வைத்துவிடு, தலை தானாக நேராக நிற்கும்.

இனி ரெட்டைச் சடை. பள்ளிக்கூடத்துக்கு இதுதான் தினப்படி. மூக்கு நுனிக்கு நேராக நெற்றியில் சீப்பின் ஓரப் பல்லை வை. உச்சி வழியாகப் பிடரிவரை ஒரே கோடாக இழு. கோணலாகப் போனால் பாதியில் ஒட்டுப் போடாதே, முதலிலிருந்து மறுபடி எடு. வால் சீப்பின் கூர்முனையால் வகிடு எடுக்க வேண்டாம், ஓரப் பல்லே போதும். ஒரு பக்கத்து முடியைக் கிளிப்பில் ஒதுக்கிவிட்டு மறுபக்கத்தைத் தொடங்கு. சடை எங்கே தொடங்க வேண்டும் என்பதற்குக் காது மடல்தான் அடையாளம். இரண்டு பக்கமும் காது மடலுக்குப் பின்னால் ஒரே உயரத்தில் தொடங்கினால் சடை ஏறி இறங்காது.

முடியை மூன்று காலாகப் பிரி. மூன்றையும் விரலால் பிடித்துப் பருமன் பார். ஒன்று மெலிந்திருந்தால் பக்கத்துக் காலிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சேர். ஆரம்பத்தில் எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். கால்கள் சமமில்லாத சடை எவ்வளவு இறுக்கினாலும் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். இப்போது வலக்காலை நடுக்காலின் மேலே போடு. அது நடுவுக்கு வந்துவிடும். அடுத்து இடக்காலை அந்த நடுக்காலின் மேலே போடு. வலம், இடம், வலம், இடம் என்று மாற்றி மாற்றி வா. முதல் இரண்டு மூன்று பின்னலை அழுத்தமில்லாமல் போடு. சடையின் மேல்முனையில் உன் சுண்டுவிரல் நுனி நுழைய வேண்டும். அதற்குக் கீழே ஒவ்வொரு முறையும் காலைக் கீழ்ப்பக்கமாக ஒரே அளவில் இழுத்துக்கொண்டே போ. பக்கவாட்டில் இழுத்தால் சடை அகலும், இடைவெளி விழும்.

சடை முக்கால் பங்கு வந்ததும் ரிப்பனைச் சேர்க்க வேண்டும். ஒரு சடைக்கு முக்கால் மீட்டர் போதும். ரிப்பனை இரண்டாக மடித்து, மடிப்பைச் சடைக்குப் பின்னால் வை. ஒரு முனை வலக்காலோடும் மறு முனை இடக்காலோடும் போகட்டும். அப்படியே முடியோடு சேர்த்து நுனிவரை பின்னி, ஒரு முனையால் நுனியை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடு. ரிப்பன் பின்னலுக்குள்ளேயே இருப்பதால் நழுவ வழியில்லை. இப்போது சடையை மேலே மடித்து நுனியைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோ. ரிப்பனின் இரண்டு முனையையும் சடையைச் சுற்றிக் கொண்டுவந்து பூ முடிச்சாகக் கட்டு. மடித்துக் கட்டுவது அழகுக்காக மட்டும் என்று நினைத்துவிடாதே. இரண்டரை வயது நுனி முடி பையின் வாரிலும் சட்டைக் காலரிலும் உரசாமல் மடிப்புக்குள் பத்திரமாக இருக்கும்.

ரிப்பன் வேண்டாத நாளில் துணி சுற்றிய ஹேர்பேண்டைப் போடு. மளிகைக் கடைப் பொட்டலத்தில் வரும் ரப்பர் பேண்ட் வேண்டவே வேண்டாம். கழற்றும்போது முடியையும் அறுத்துக்கொண்டு வரும்.

சில காலையில் வேன் ஹாரன் அடித்துவிடும், சீப்பு அப்போதுதான் கையில் இருக்கும். அன்றைக்கு முறுக்குச் சடை போடு. இதற்கு இரண்டே கால். முடியைப் பிடரிக்கு மேலே ஒன்றாகச் சேர்த்துத் தளர்வாக ஒரு பேண்ட் போட்டு, இரண்டாகப் பிரி. இரண்டையும் தனித்தனியே வலப்பக்கமாக முறுக்கு. பிறகு இரண்டையும் ஒன்றோடொன்று இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே நுனிக்கு வந்து பேண்ட் போடு. தென்னை நாரைக் கயிறாகத் திரிப்பதும் இதே கணக்கில்தான். இழைகள் ஒரு பக்கம் பிரியப் பார்க்கும், கயிறு மறுபக்கம் பிரியப் பார்க்கும். இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் எதுவும் அவிழாது. இரண்டு முறுக்கையும் ஒரே பக்கமாகப் போட்டுவிட்டால் கையை விட்டதும் பிரிந்துபோகும். பக்கத்தை மட்டும் மறந்துவிடாதே.

மூன்றாவது, முன் சடை. நெற்றியில் விழுந்து கண்ணைக் குத்தும் குட்டை முடிக்கு இதுதான் மருந்து. வகிட்டுக்குப் பக்கத்தில் நெற்றியோரமாக ஒரு சிறு கொத்து எடுத்து மூன்று காலாக்கிப் பின்னத் தொடங்கு. நெற்றிப் பக்கத்துக் கால் நடுவுக்குப் போகும் ஒவ்வொரு முறையும், நெற்றியோரத்திலிருந்து கொஞ்சம் முடி எடுத்து அதோடு சேர்த்துப் போடு. மறுபக்கத்துக் காலுக்கு எதையும் சேர்க்க வேண்டாம். இப்படியே நெற்றி ஓரமாக இறங்கிக் காதுக்குப் பின்னால் வந்ததும், அதை ரெட்டைச் சடையின் ஒரு காலோடு கலந்துவிடு. தலைத்தோலை ஒட்டிப் போவதால் மூன்றிலும் இதற்குத்தான் கை லேசாக இருக்க வேண்டும். வாரத்தில் ஓரிரு நாள் போட்டால் போதும். மற்ற நாளில் அந்த முடிக்கு ஓய்வு கொடு. நடு வகிட்டையும் அப்படியே அவ்வப்போது ஒரு விரற்கடை தள்ளி எடு.

நாலு கால் பின்னல், ஐந்து கால் பின்னல், பூவும் குஞ்சலமும் வைத்த சடை எல்லாம் பொங்கலுக்கு வரும்போது நேரில் சொல்லித் தருகிறேன். அவற்றுக்கு இன்னும் நீளமான முடியும் பொறுமையாக உட்காரும் குழந்தையும் வேண்டும்.

பின்னி முடித்ததும் அவள் முகத்துக்கு எதிரே வந்து நின்று பார். நெற்றியோரத்திலும் காதோரத்திலும் முடி தொடங்கும் இடத்தில் தோல் சின்னச் சின்னக் கூம்பாக எழும்பி நிற்கிறதா? புருவத்தைத் தூக்கச் சொன்னால் முகம் சுளிக்கிறாளா? அப்படியானால் மேலே இருக்கும் பின்னலை விரலால் கொஞ்சம் நெகிழ்த்திவிடு. ‘வலிக்குதா?’ என்று தினமும் கேள். அவள் ‘வலிக்குது’ என்றால் நம்பு. ‘கொஞ்சம் பொறுத்துக்கோ’ என்று எங்கள் தலைமுறைக்குச் சொன்ன பதிலை அவளுக்குச் சொல்ல வேண்டாம்.

சாயங்காலம் வந்ததும் சடையை அவிழ்த்துவிடு. விரல் நுனியால் தலையை மெதுவாகத் தேய்த்துவிட்டால் அவளுக்கு இதமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நல்ல வெளிச்சத்தில் காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் பேன் பார். பேன் தாவாது, பறக்காது. தலையும் தலையும் உரசும்போதுதான் ஏறும். குழந்தைகள் ஒன்றாகக் குனிந்து விளையாடும் பள்ளிக்கூடத்தில் விரித்த முடியைவிடப் பின்னிக் கட்டிய முடி அடுத்தவர் தலையில் குறைவாகப் படும். அப்படியும் வந்துவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்தச் சுத்தமான தலையிலும் வரும். முடியை நனைத்துப் பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை சீவி, சில நாள் விட்டுத் திரும்பத் திரும்பச் சீவ வேண்டும். ஈர் பொரிக்க ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும் என்பதால் ஒரே நாளோடு நிறுத்தினால் பலனில்லை. மருந்து ஏதாவது போடுவதென்றால் அம்மாவைக் கேட்டுப் போடு.

இதையெல்லாம் நேராக யாழினியின் தலையில் தொடங்காதே. ஜன்னல் கம்பியில் மூன்று நிற ரிப்பனைக் கட்டிப் பின்னிப் பழகு. எந்தக் கால் எந்தப் பக்கம் போகிறது என்பது நிறத்திலேயே தெரிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு பின்ன வந்ததும், சனிக்கிழமை சாயங்காலம் அவளுக்குப் போட்டுப் பார். பள்ளி நாளில் முதல் தடவையாக எதையும் முயற்சி பண்ணாதே.

கடைசியாக ஒரு வேலை. ஜன்னல் கம்பியில் நீ பழகும்போது அப்பாவையும் பக்கத்தில் உட்கார வை. உனக்குப் பரீட்சை வரும், காய்ச்சல் வரும், சீக்கிரம் பள்ளிக்குப் போக வேண்டிய நாள் வரும். அம்மாவின் வேலை உன் கைக்கு மாறி அங்கேயே நின்றுவிடக் கூடாது. வலம், இடம் தெரிந்த யாரும் சடை பின்னலாம், அதற்கு ஆண் பெண் என்ற கணக்கு கிடையாது. முதலில் முறுக்குச் சடையைச் சொல்லிக்கொடு, அவருக்குச் சீக்கிரம் வந்துவிடும். அப்புறம் ரெட்டைச் சடையில் ஆளுக்கொரு பக்கம் பின்னுங்கள். எந்தப் பக்கம் நன்றாக வந்திருக்கிறது என்று யாழினியே சொல்லட்டும்.

அன்புடன்,
உன் சித்தி