முதலை வாயில் போவது எத்தனை?

ஆப்பிரிக்கா என்றதும் தொலைக்காட்சி காட்டுவது ஒரே காட்சிதான். வில்டபீஸ்ட் மான் கூட்டம் செங்குத்தான கரையிலிருந்து மாரா ஆற்றில் குதிக்கும். முதலை வாயைப் பிளக்கும். காட்சி நிஜம். அதிலிருந்து நாம் கட்டிக்கொண்ட கதைகளில்தான் ஓட்டை.

நம்பிக்கை: ஆண்டுக்கு ஒருமுறை தான்சானியாவிலிருந்து கென்யாவுக்குப் போகும் பயணம் இது.

உண்மை: இதற்குப் புறப்படும் ஊரும் இல்லை, போய்ச் சேரும் ஊரும் இல்லை. சுமார் 13 லட்சம் வில்டபீஸ்ட்களும் 2 லட்சம் வரிக்குதிரைகளும் வருடம் முழுக்க செரெங்கெட்டி, மசாய் மாரா புல்வெளிகளைச் சுற்றிவருகின்றன. வழிகாட்டுவது மழை. ஜனவரி முதல் மார்ச் வரை அவை தெற்கே, நுடுட்டு பக்கம் இருக்கும். அங்கே எரிமலைச் சாம்பல் படிந்த மண். குட்டையான புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் நிறைய. பால் கொடுக்கும் தாய்க்கு வேறென்ன வேண்டும்? பெரும்பாலான கன்றுகள் பிப்ரவரியை ஒட்டி இரண்டு மூன்று வாரங்களுக்குள் பிறந்துவிடுகின்றன. ஆனால் மழை நின்றால் அந்தப் புல்வெளியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. அதனால்தான் மேற்கும் வடக்குமாக நகர்ந்து மாரா ஆற்றுப் பக்கம் வருகின்றன. வந்த பிறகும் ஒரே தாண்டலில் முடிவதில்லை. எந்தக் கரையில் புல் தளிர்த்திருக்கிறதோ அந்தக் கரைக்கு, போவதும் வருவதுமாக இருக்கும்.

நம்பிக்கை: முதலையும் சிங்கமும்தான் கூட்டம் பெருகாமல் பார்த்துக்கொள்கின்றன.

உண்மை: பசிதான் பார்த்துக்கொள்கிறது. 40 ஆண்டுப் பதிவுகளை வைத்து சைமன் ம்டுமா, ஆன்டனி சின்கிளேர் உள்ளிட்டோர் 1999-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வில்டபீஸ்ட் சாவுகளில் முக்கால் பங்குக்குக் காரணம் போதிய தீனி இல்லாமை. மாராவில் மூழ்கிச் சாவது ஆண்டுக்குச் சராசரியாக 6,250. மொத்தக் கூட்டத்தில் அது அரை சதவீதம்கூட வராது. அந்தச் சடலங்களிலும் முதலை தின்பது சுமார் 2 சதவீதம்தான்! மிச்சம் கழுகுகளுக்கும் மீன்களுக்கும் ஆற்றுக்கும். எலும்புகள் ஆண்டுக்கணக்கில் கரைந்து தண்ணீருக்குப் பாஸ்பரஸ் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

கழுதைப்புலியைத் திருட்டுப்பயல் என்பதும் இந்த வகைதான். 1960-களில் செரெங்கெட்டியை ஒட்டிய ஙொரொங்கொரோவில் இரவெல்லாம் கண்விழித்துக் கவனித்தவர் விலங்கியலாளர் ஹான்ஸ் குரூக். அங்கே கழுதைப்புலி தானே வேட்டையாடியது. பல நேரம் அந்த இரையைப் பிடுங்கித் தின்றது சிங்கம். பிடரி மயிர் இருந்தால் எதுவும் செய்யலாம் போலிருக்கிறது.

நம்பிக்கை: இந்த மாபெரும் கூட்டம் ஆதிகாலம் தொட்டு இப்படியே இருக்கிறது.

உண்மை: 1961-இல் எண்ணியபோது இருந்தவை இரண்டரை லட்சம் சொச்சம். நம் ஊர் மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த அதே வெக்கை நோய், 1890-களில் அங்கே நுழைந்து மாட்டையும் காட்டு விலங்கையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிருந்தது. காட்டு விலங்குகள்தான் மாடுகளுக்கு நோயைத் தருகின்றன என்று வெகுகாலம் நம்பினார்கள். நடந்தது தலைகீழ். சுற்றுவட்டார மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். வில்டபீஸ்ட் ஒன்றுக்கும் ஊசி போடவில்லை. 1960-களில் அவற்றிடம் நோய் மறைந்தது, 1977-க்குள் எண்ணிக்கை 13 லட்சத்தை எட்டியது. மேயும் வாய்கள் பெருகியதும் காய்ந்த புல் குறைந்தது, காட்டுத்தீயும் குறைந்தது. தீயில் கருகிக்கொண்டிருந்த மரக்கன்றுகள் செரெங்கெட்டியில் தலையெடுக்கத் தொடங்கின.