வெளுத்த பவளம் பிழைக்குமா?

பவளத்தைக் கல் என்பார் சிலர். செடி என்பார் சிலர். உண்மையில் அது விலங்கினத்தைச் சேர்ந்தது. பாலிப் எனப்படும் சிற்றுயிர்கள் பல கூடிச் சுண்ணாம்பால் வீடு கட்டி வாழும் கூட்டமே பவளம். அவற்றின் சதைக்குள் கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி ஒளியைக் கொண்டு உணவு ஆக்குகிறது. அதில் பெரும் பங்கைப் பவளத்துக்கு அளிக்கிறது. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் பாசி தந்ததே.

நீர் சூடேறினாலும், உப்பின் அளவு மாறினாலும், திடீரென ஒளி மிகுந்தாலும் இக்கூட்டுறவு முறிகிறது. பாசி நீங்க, பவளம் வெளுக்கிறது. வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போர் சிலர், செத்துவிட்டதென்று அதை எறிந்துவிடுகின்றனர். அவசரம் வேண்டாம் என்பேன். வெளுத்த பவளம் பட்டினி கிடக்கும் பவளம். இரவில் உற்று நோக்குங்கள். சுண்ணாம்பின்மேல் மெல்லிய சதையும், நீளும் உணர்கொம்புகளும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. சதையின்றிப் பச்சை இழைப்பாசி படர்ந்திருந்தால் அப்பகுதி மாண்டது.

இனி மருத்துவம். முதலாவது, நீரை அளந்து பார்த்தல். வெப்பம் 25 அல்லது 26 டிகிரி செல்சியஸ், உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் இருப்பது நலம். கோடையில் நீர்ப்பரப்பின்மேல் மின்விசிறியைச் சுழலவிட்டால் சூடு தணியும். ஆவியாவது நீரே, உப்பு தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவுக்குத் தூய நன்னீரையே ஊற்ற வேண்டும்.

இரண்டாவது, ஒளியைக் குறைத்து, பின்னர் வாரக்கணக்கில் மெல்ல உயர்த்துதல். மூன்றாவது, பாசி தராத உணவை நாம் தருதல். வாரம் இருமுறை, கொம்புகள் விரியும் இரவு வேளையில், ஆர்ட்டீமியா எனும் உப்புநீர் இறாலின் குஞ்சுகளைச் சிறிதளவு இடலாம். மிகுந்தால் நீர் கெடும். மீன்நோய்க்கு இடும் தாமிர மருந்து கூடவே கூடாது. பவளத்துக்கு அது நஞ்சு.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் செய்ய முனையலாகாது. நீரை மாற்றினாலும் ஒரு வேளைக்குப் பத்தில் ஒரு பங்கு போதும். திடீர் மாறுதலால் நொந்த உயிரை மற்றொரு திடீர் மாறுதல் தேற்றாது.

ஒன்று நினைவிருக்கட்டும். நம் கடலிலிருந்து பவளத்தைப் பெயர்த்தெடுப்பது குற்றம். பாறை கட்டும் பவளங்களை 2001ஆம் ஆண்டிலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டனர். மன்னார் வளைகுடாவில் 1998இலும் 2016இலும் நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. தொட்டிக்கு மின்விசிறி வைக்கலாம். கடலுக்கு வைக்க இயலுமா? அறிவியல் பயிலும் நண்பர்கள் இதைச் சிந்திக்க வேண்டுகிறேன்.